மூன்று மாதத்து மூச்சு

டிரைவர் பேருந்தைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டியது பட்டப்பகலில். மழை இல்லை, பனி இல்லை, குறுக்கே ஒரு நாய்கூட வரவில்லை. தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகிற வண்டி அது. நல்ல வேளை, அத்தனை பேரையும் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். சுவர் பாவம், கட்டின நாளிலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது.

பிரேக் பிடிக்கவில்லை என்று முதலில் சாதித்துப் பார்த்தார். பிரேக்கைச் சோதித்தார்கள். அது சமர்த்தாகப் பிடித்தது. அடுத்தபடியாக டிரைவரைச் சோதித்தார்கள். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. தூங்கும்போது அவருடைய தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. மணிக்கு நாற்பது தடவை மூச்சு நின்று நின்று வருகிறது. தெருவே கேட்கக் குறட்டை விடுகிற மனிதர் உண்மையில் தூங்குவதே இல்லை. ராத்திரி வராத தூக்கம் பகலில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வந்து பிடித்துக்கொள்கிறது.

நிர்வாகம் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிற மூச்சு மெஷின் ஒன்றைக் கொடுத்தது. மூன்று மாதம், தினமும் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் அதைப் போட்டுத் தூங்க வேண்டும். எவ்வளவு நேரம் போட்டார், எத்தனை தடவை மூச்சு நின்றது என்பதெல்லாம் மெஷினுக்குள் இருக்கிற கார்டில் பதிந்துவிடும். கார்டு சரியாக இருந்தால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் ஆயுசுக்கும் கிடையாது. அதுவரை வண்டி கழுவுகிற இடத்தில் வேலை.

இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டினவர் கையில் வாளியும் பிரஷ்ஷும். கூட இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? 'கொட்டாவி' என்று பேர் வைத்தார்கள். அவர் பக்கத்தில் வரும்போது யாராவது ஒருவன் வாயைப் பிளந்து காட்டுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் அவர் மனைவிக்குத் தெரிந்தது.

மனைவி வீட்டிலிருந்தே தைக்கிறவள். கம்பளி ஆலையிலிருந்து போர்வைகள் மூட்டையாக வரும். ஓரம் மடித்து அடித்துக் கொடுக்க வேண்டும். ஆலைக்கு வருகிற ஆர்டரைப் பொறுத்து ஒரு மாதம் முழுக்க நீலமாகத் தைப்பாள், இன்னொரு மாதம் முழுக்கப் பச்சை. போர்வை உதிர்க்கிற நூல்தூசு முன்னறை முழுக்கப் பறக்கும். அவள் புருவத்தில் இருக்கும், தண்ணீர்ச் சொம்பில் இருக்கும், ஜன்னல் கம்பியில் படிந்து கிடக்கும். வறட்டு இருமல் ஒன்று அவளிடம் இருபது வருஷமாக நிரந்தரக் குடியிருப்பு. டிரைவரின் குறட்டை தாங்காமல் அவள் அந்த முன்னறையிலேயே மூட்டைக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வதும் பழைய வழக்கம்தான்.

மெஷினைக் கொடுத்த இடத்தில் ஒரு பெண் இருந்தாள். கறார்ப் பேர்வழி. வயது முப்பதுக்குள், பேச்சு அறுபதுக்கு மேல்.

"இதோ பாருங்க, பின்னாடி சின்ன மூடி. இது வழியாத்தான் காத்து உள்ள போகுது. உள்ள ரெண்டு ஃபில்டர். சாம்பல் கலர் பஞ்சு இருக்கே, இதை வாராவாரம் சோப்புத் தண்ணில கழுவி, நிழல்ல நல்லாக் காய வச்சுப் போடணும். ஈரத்தோட போட்டா மெஷினும் கெடும், நெஞ்சும் கெடும். உள்ள இருக்கற இந்த வெள்ளை ஃபில்டரைக் கழுவவே கூடாது. மாசம் ஒண்ணு மாத்தணும். மூணு தர்றேன். மாத்தினதைத் தூக்கிப் போடாதீங்க. கவர்ல போட்டு மாசத்தை எழுதி, கடைசில கொண்டு வாங்க. பழசு வந்தாத்தான் புதுசு. இங்க அதுதான் வழக்கம்."

டிரைவர் தலையாட்டிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டவள் மனைவிதான். ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடி செய்கிற பிறவி அவள். அந்த நல்ல குணம்தான் பின்னால் காலை வாரிவிட்டது.

முதல் நாள் டிரைவர் முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். ரெண்டு நிமிஷம் தாங்கவில்லை. பிய்த்துக் கடாசிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரோ மூஞ்சியில தலகாணிய வச்சு அமுக்கற மாதிரி இருக்கு."

"கொஞ்சம் கொஞ்சமாப் பழகுங்க."

"சாகறதுக்குப் பழகச் சொல்றியா?"

ஒரு வாரம் முட்டி மோதினார். மெஷினின் சின்னத் திரையில் தினமும் பூஜ்யம். வண்டி கழுவிவிட்டு வந்து ஊறிப்போன விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எட்டாவது நாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீ போட்டுக்கிட்டுத் தூங்கு."

அவள் சிரித்தாள். விளையாட்டு என்றுதான் நினைத்தாள்.

"யார் மூக்குன்னு அதுக்குத் தெரியவா போகுது? காத்து போகுதா வருதான்னுதான பாக்குது. நான் பழகற வரைக்கும் போட்டுக்கோ. நாலு நாள்."

அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்ட மனிதர் இல்லை. அன்றைக்கும் கெஞ்சவில்லை. ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தையல் மிஷின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் சரி என்றாள்.

நாலு நாள் மூன்று மாதமாயிற்று.

இதில் வெளியே சொல்ல முடியாத ஒன்று உண்டு. அவளுக்கு அந்த மெஷின் பிடித்துப்போயிற்று. முகமூடி முதலில் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. ஃபில்டர் வழியாக வருகிற காற்றில் தூசு இல்லை, நூல் இல்லை, கம்பளி வாடை இல்லை. பத்தே நாளில் இருமல் அடங்கியது. காலையில் எழுந்தால் நெஞ்சு லேசாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்து உள்ளறைக்குப் போனால் அவர் வீங்கின கண்ணும் வறண்ட வாயுமாக, அடித்துப் போட்டவர்போலக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வர வேண்டிய காற்றைத் தான் திருடித் தின்றுவிட்ட மாதிரி அவளுக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

அதனாலேயோ என்னவோ, மெஷினை அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் பஞ்சைக் கழுவினாள். நிழலில் காய வைத்தாள். மாதம் முடிந்ததும் வெள்ளை ஃபில்டரை எடுத்துக் கவரில் போட்டு மாதத்தை எழுதி வைத்தாள். பொய்யைக்கூட ஒழுங்காகச் செய்கிறவள்.

எதிர்வீட்டுக்காரி கம்பளி ஆலையில்தான் வேலை பார்க்கிறாள். டிரைவர் ஓட்டின வண்டியில்தான் போய்வருகிறாள். ஒரு நாள் சிவப்புப் போர்வை மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணன் எப்பக்கா வண்டிக்கு வர்றாரு? இப்ப ஓட்டறவன் பிரேக் போட்டா முன் சீட்டுல போயி மூக்கு இடிக்குது. அண்ணன் ஓட்டினா தாலாட்டற மாதிரி இருக்கும். நாப்பது பேரும் தூங்கிக்கிட்டேதான் போவோம். ஆலை வாசல்ல அண்ணன்தான் ஹாரன் அடிச்சு எழுப்புவாரு."

"வந்துருவாரு. இன்னும் ஒரு மாசம்" என்றாள் இவள்.

அன்றைக்கு மத்தியானம் டிரைவருக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டு முன்னறை நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே அசந்துவிட்டார். இவள் சிவப்புப் போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். குறட்டை ஏறியது, ஏறிக்கொண்டே போனது, சட்டென்று நின்றது. இவள் கால் தானாகப் பெடலில் நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, வயிறு மட்டும் உள்ளே இழுத்து இழுத்துத் தவித்தது, காற்று போகவில்லை. எண்ணினாள். முப்பத்தொன்று வரை எண்ணினாள். அதற்குப் பிறகுதான் அவர் தண்ணீருக்கடியிலிருந்து வருகிறவர்போல ஒரு திணறலோடு மூச்சை இழுத்தார். கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி குறட்டை. இவள் அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு போர்வைகூட முடிக்கவில்லை. நாற்பது பேர் தூங்கிக்கொண்டே போகிற வண்டி கண்ணுக்குள்ளேயே நின்றது.

"ஒரு தடவையாவது மாட்டிப் பாருங்களேன்" என்று சாயங்காலம் சொன்னாள்.

"கார்டுதான் நல்லா வந்துட்டு இருக்கே. கெடுக்கணுமா?" என்றார் அவர்.

மூன்று மாதம் முடிந்த அன்று டிரைவர் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில், மனைவியையும் கூட்டிக்கொண்டு மெஷின் கொடுத்த இடத்துக்குக் கிளம்பினார். நேராக அங்கிருந்து பணிமனைக்குப் போய் வண்டியை எடுத்துவிடுகிற உத்தேசம்.

டாக்டர் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். தினமும் ஏழு மணி நேரம். மூச்சு நிற்பது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை என்று கையைக் குலுக்கினார். பாராட்டு வாங்கினதும் டிரைவருக்குக் குஷி பிறந்துவிட்டது. மெஷின்காரப் பெண்ணிடம் வந்து உட்கார்ந்த பிறகும் அது அடங்கவில்லை.

"மெஷினை எங்க வச்சிருக்கீங்க சார்? வீட்டுல தையல் வேலை நடக்குதுன்னு எழுதியிருக்கே. நூல்தூசு ஃபில்டருக்கு ஆகாது."

"அதெல்லாம் என் ரூம்ல அண்டாதும்மா. நான் படுக்கறது உள்ரூமு. கதவைச் சாத்தி, அடியில துணிய வச்சு அடைச்சிருவேன். ஒரு தூசு வராது. மூணு மாசமா என் தலைமாட்டுலதான் இருக்கு மெஷினு."

மனைவி அவர் சட்டை ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாத மனிதர்.

"பஞ்சை எப்படிக் கழுவறீங்க?"

டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டையும் நல்லாக் கழுவிருவேன்" என்றார்.

"சரி சார். அந்தக் கடைசி ரூம்ல எடை பாத்துட்டு வந்துருங்க."

அவர் போனதும் அந்தப் பெண் மேஜைமேல் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்தாள். மூன்று கவரையும் பிரித்து மூன்று ஃபில்டரையும் வரிசையாக வைத்தாள். முதலாவது நீலம். இரண்டாவது பச்சை. மூன்றாவது நல்ல சிவப்பு. விடுதி ஆர்டர், ரயில்வே ஆர்டர், ஆஸ்பத்திரி ஆர்டர். மூன்று மாதம் தான் தைத்ததெல்லாம் அங்கே விரல் நகத்தளவு வட்டங்களாகக் கிடப்பதை இவள் பார்த்தாள். கவர்களில் தன் கையெழுத்தையும் பார்த்தாள். தூக்கிப் போட்டிருக்கலாம். புதியதை எடுத்து வைத்திருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அந்தப் பெண் இவள் தோளில் ஒட்டியிருந்த சிவப்பு நூல் ஒன்றைக் கிள்ளி எடுத்து மூன்றாவது ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்களுக்கு இருமல் எப்படிம்மா இருக்கு? முதல் நாள் வந்தப்ப இங்க உக்காரவே முடியாம இருமினீங்க."

"நின்னுபோச்சு."

"நிக்கும்" என்றாள் அந்தப் பெண். ஃபாரத்தை எடுத்து இவள் பக்கம் நகர்த்தினாள்.

"மெஷின் நல்லா ஓடியிருக்குன்னு நான் எழுதணும். நல்லாத்தான் ஓடியிருக்கு, எழுதிட்டேன். ஃபில்டரைப் பத்தி எழுத இதுல எடம் இல்ல. கீழ வீட்டுல இருக்கறவங்க கையெழுத்து. அவர்தான் போட்டுக்கிட்டுத் தூங்கினாருன்னு. அது நீங்கதான் போடணும்."

பேனாவையும் வைத்தாள்.

இவள் பேனாவைக் கையில் எடுத்தாள். போட்டுவிட்டால் அவர் மறுபடி மனிதராகிவிடுவார். காக்கிச் சட்டை இருக்கிறது, கொட்டாவி என்று கூப்பிட ஒருத்தனுக்கும் வாய் வராது. ஒரு கையெழுத்துதான். போர்வைக் கணக்கில் வாரத்துக்கு ஒன்று போடுகிற அதே கையெழுத்து. பேனா முனையைத் தாளுக்குக் கொண்டுபோனாள். முப்பத்தொன்று வரை எண்ணினது ஞாபகம் வந்தது. முப்பத்தொன்று எண்ணுவதற்குள் ஒரு பேருந்து எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. அவரைக் கேட்டால் சரியாகச் சொல்லுவார்.

டிரைவர் திரும்பி வந்தார். "முடிஞ்சுதா? போலாமா?"

"நான் கையெழுத்துப் போடலீங்க."

"ஏன், பேனா எழுதலையா?"

"எழுதுது. நான்தான் போட்டுக்கிட்டுத் தூங்கினேன்னு இவங்ககிட்ட சொல்லப்போறேன்." சொல்லப்போவதாகச் சொன்னதிலேயே சொல்லி முடித்தாயிற்று என்பது அவளுக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

டிரைவர் மேஜைமேல் இருந்த மூன்று வட்டங்களையும் பார்த்தார். அவை என்னவென்றே அவருக்குத் தெரியாது, பாவம். பிறகு வாசலைப் பார்க்க நடந்தார்.

அந்தப் பெண் மெஷினை வாங்கிக்கொள்ளவில்லை. மூன்று புது ஃபில்டரை எண்ணி இவள் பையில் போட்டாள்.

"கொண்டு போங்க. இனிமே கார்டை யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அவர் மூச்சு நிக்கறது நிக்கறதுதானே."

நிர்வாகம் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. ஏமாற்றினவருக்கு ஸ்டியரிங் கிடையாது, ஓய்வு பெறுகிற வரை வண்டி கழுவ வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. டிரைவர் அன்றையிலிருந்து மனைவியிடம் பேசுவதை விட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். துணி எடுத்து வைத்தால் போட்டுக்கொண்டார். காக்கிச் சட்டையை மட்டும் மடித்து எங்கேயோ வைத்துவிட்டார், அவள் தேடவில்லை. விஷயம் தெரிந்த எதிர்வீட்டுக்காரி, "புருஷனைக் காட்டிக்கொடுத்துட்டியேக்கா" என்றாள். அவள் தூங்கிக்கொண்டு போகிறவள், அவளுக்கென்ன தெரியும்.

அவள் மெஷினை உள்ளறையில் அவர் தலைமாட்டில் வைத்தாள். புது வெள்ளை ஃபில்டர் போட்டு வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. நெஞ்சில் இருமல் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. எடுத்து மாட்டிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை. அது இனிமேல் அவருடையது, அவர் போட்டாலும் போடாவிட்டாலும்.

முதல் மாதம் முடிந்ததும் அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூடியைத் திறந்தாள். ஃபில்டர் வாங்கி வந்தபடியே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. ஆயுசு முழுக்கத் தூசைத் தட்டிக்கொண்டிருந்தவள் ஒரு துளி அழுக்குக்காக ஏங்கிக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி அதன்மேல் தேய்த்தால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. யாரை ஏமாற்ற? அதையே திரும்பப் போட்டு மூடினாள். அன்றைக்கு அவள் அழுதாள்.

இரண்டாவது மாதம் அவளுக்குத் திறக்கவே மனம் வரவில்லை. தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போயிருந்தபோது திறந்தாள். பஞ்சு கறுத்திருந்தது. வெள்ளை ஃபில்டரை எடுத்தாள். சிவப்பு இல்லை, நீலம் இல்லை. சாம்பல் நிறம். சாத்தின கதவுக்குள் ஒரு மனிதன் படுத்து எழுகிற அறையின் வெறும் தூசு. நட்டநடு அறையில் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாக? கேட்க முடியாது. கிடைக்கப்போவது ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, யாரும் கார்டு கேட்காத இந்த மாதத்தில், தலகாணியை வைத்து அமுக்குகிற அந்த முகமூடிக்குள் தன்னந்தனியாக முகத்தைக் கொடுத்துக்கொண்டு அவர் கிடந்திருக்கிறார்.

பஞ்சைக் கொண்டுபோய்க் கழுவினாள். எதையும் பார்க்காதவள் மாதிரி எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில், துணியில் ஒற்றிவிட்டு உடனே அதை மூடிக்குள் செருகப் போனாள்.

"ஈரத்தோட போடாத."

குளித்த தலையோடு வாசற்படியில் நின்றிருந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் பேசாத தொண்டை, கரகரவென்று வந்தது.

அவள் கையை நிறுத்திக்கொண்டாள். இருமல் வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள். அவர் அது முடிகிற வரை நின்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சாம்பல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் ஆலை வண்டியின் ஹாரன் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையிலும் ஆலை ஓடுகிறது. அவர் எட்டிப் பார்க்கவில்லை. வழக்கமாகப் போட்டுப்போகிற பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வண்டி கழுவக் கிளம்பினார். அவள் பஞ்சைத் திரும்பவும் பிழிந்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். அது காய மத்தியானம் ஆகும்.